கதைப்புத்தகப் படம் சேலையில் ஏறும்போது: தைப்பவரும் வரைபவரும் அறிய வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் துங்கு கிளானா சாலையிலும் துணிக்கடைகளில் நிற்க இடமிருக்காது. மாங்காய், மயில், கோபுரக்கரை என்று பழகிய சேலைகளுக்கு நடுவே இப்போது முகங்கள், விலங்குகள், மரங்கள், கேலிச்சித்திர உருவங்கள் பதித்த துணிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. சேலையும் சட்டையும் பாஜு கூரோங்கும் ஓவியம் தாங்கும் பலகையாக மாறி வருகின்றன.

வீட்டிலிருந்தே தைத்து விற்கும் நம் பெண்களிடம் வரும் கோரிக்கைகளும் அதற்கேற்ப மாறியுள்ளன. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அதற்குப் பிடித்த கதைப்புத்தக யானையைத் துணியில் போட்டுத் தர முடியுமா, தாய்க்கும் மகளுக்கும் ஒரே படத்தில் உடை செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். கேட்பது எளிது. ஆனால், புத்தகத்தில் அழகாக இருக்கும் படம் உடலில் ஏறியதும் கோணலாகத் தெரியலாம். அழகாகவே அமைந்தாலும் அதை விற்கும் உரிமை தைத்தவருக்கு இல்லாமல் போகலாம். இந்த இரண்டையும் முன்கூட்டியே அறிந்துகொண்டால் பணமும் உழைப்பும் வீணாகாது.

லண்டனில் தொடங்கிய கதை

கதைப்புத்தகப் படத்தைப் பார்த்து உடை தைக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1879-ஆம் ஆண்டு லண்டனில் கேட் கிரீன்அவே என்ற பெண் ஓவியர் ‘அண்டர் தி விண்டோ’ என்ற சிறுவர் நூலை வெளியிட்டார். அச்சாளர் எட்மண்ட் எவன்ஸ் துணிந்து 20,000 படிகள் அச்சிட்டார். அவை விரைவில் விற்றுத் தீர்ந்ததால் மேலும் அச்சிட வேண்டியதாயிற்று. அந்த நூலில் வரும் சிறுமியர் உயர்ந்த இடுப்புள்ள நீள கவுனும் அகன்ற தொப்பியும் அணிந்திருந்தனர். அது அக்காலத்து உடையன்று. இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தியது. படத்தைப் பார்த்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே உடையைத் தேடினர். லண்டனின் புகழ்பெற்ற லிபர்ட்டி கடை அவருடைய படங்களை ஒட்டிச் சிறுவர் உடைகளைத் தயாரித்து விற்றது.

கிரீன்அவேயின் தாயார் குழந்தை உடைகளும் தொப்பிகளும் விற்கும் கடை நடத்தியவர். கிரீன்அவேயும் தம் படத்தில் வரும் உடைகளை முதலில் தாமே தைத்து, மாதிரியாக நிற்கும் பிள்ளைகளுக்கு அணிவித்துப் பார்த்த பிறகே வரைந்தார். துணி எங்கே மடியும், எங்கே தொங்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. படத்திலிருந்த கவுனை மற்றவர்கள் எளிதாகத் தைக்க முடிந்ததற்கு அதுவே காரணம்.

நம் மரபில் துணியே கதைப்புத்தகம்

நம்மவர்களுக்கு இது புதிய கலையும் அன்று. தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் துணியில் கையால் வரையும் கலம்காரி மரபு இன்றும் உண்டு. திருவிழாக்காலத்தில் தேரிலும் பந்தலிலும் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளில் யாளி, கிளி, தெய்வ உருவங்கள் நிறைந்திருக்கும். எழுத்தறியாத குழந்தையும் அண்ணாந்து பார்த்துக் கதை கேட்கும். கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மலாயாவோடும் இந்தத் துணிகளுக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகள் மலாக்காத் துறைமுகத்தில் இறங்கி, நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கைமாறின. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ் தம் நூலில் இந்தத் துணி வணிகத்தைப் பதிவு செய்துள்ளார்.

இக்காலத்துக்கு வந்தால், சென்னையில் 1994-இல் தொடங்கப்பட்ட தாரா புக்ஸ் பதிப்பகத்தைச் சொல்லலாம். பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேத்தி ஆகிய கோண்டு ஓவியர்கள் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூல் 2008-இல் இத்தாலியின் போலோனியா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் விருது பெற்றது. கருப்புத் தாளில் ஒவ்வொரு வண்ணமாகக் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்ட நூல் அது. அந்தத் தாள் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யப்படுவது. அச்சு முறையும், டீ-சட்டையில் படம் பதிக்க நம் கடைக்காரர்கள் பயன்படுத்தும் அதே முறைதான். குஜராத்தின் தெய்வத் துணி ஓவியத்தை வைத்து, துணியிலேயே அச்சிட்ட ஒரு நூலையும் இந்தப் பதிப்பகம் வெளியிட்டுள்ளது.

மலேசியாவில் யூசோப் கஜா என்ற ஓவியர் இருக்கிறார். யானைகளையே வரைந்து வரைந்து ‘கஜா’ என்ற பெயரைப் பெற்றவர். ‘தி ரியல் எலிஃபண்ட்’ என்ற படைப்புக்காக 1997-இல் ஜப்பானின் நோமா சிறுவர் பட ஓவியப் போட்டியில் முதன்மைப் பரிசு பெற்றார். அவருடைய யானைகள் உருண்டு திரண்டவை. உடம்பு முழுவதும் பூவும் இலையும் கோலமும் நிறைந்தவை. பாத்திக் துணியின் சாயல் அவற்றில் தெரியும்.

நம் மூத்தோருக்கு அம்புலிமாமா நினைவுக்கு வரும். 1947-இல் தொடங்கிய அந்த இதழில் வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் ஓவியர் சங்கர். தோட்டத்து லயங்களிலும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்ட இதழ் அது. அவர் 2020-இல் காலமானார். அவருடைய படத்தில் சேலை மடிப்பையும் நகையையும் நுணுக்கமாகக் காணலாம். ஒரு தலைமுறைக்கு ராஜகுமாரி எப்படி உடுத்துவாள் என்று காட்டியவை அந்தப் படங்களே.

சேலை ஒரு தாள் அன்று

புத்தகத்தின் பக்கம் தட்டையானது. ஓரடித் தூரத்தில் வைத்துப் பார்ப்பது. துணியோ மடியும், சுற்றும், நடக்கும்போது அசையும். அதைப் பத்தடித் தூரத்திலிருந்து பார்க்கிறோம். எனவே, பக்கத்திலுள்ள படத்தை அப்படியே பெரிதாக்கித் துணியில் இறக்கினால் பெரும்பாலும் எடுபடாது.

சேலையை எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அதில் ஒரு பகுதி உள்ளே சுற்றி மறைந்துவிடும். கொசுவம் வைக்கும் பகுதியில் எந்தப் படமும் ஐந்து அங்குலப் பட்டைகளாக மடிந்துவிடும். அங்கே ஒரு முகத்தை வரைந்தால் பாதிக் கண்ணும் பாதி மூக்குமே வெளியே தெரியும். படம் முழுமையாகத் தெரியும் இடம் முந்தானை ஒன்றுதான். அதுவும் மடிப்பு வைத்துக் குத்தாமல் ஒற்றையாக விட்டால்தான்.

முந்தானையிலும் பலர் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. சேலையை மேசையில் விரித்து வரையும்போது கரை கீழே இருக்க, படத்தை நேராக வரைந்துவிடுவார்கள். உடுத்தித் தோளில் போட்டதும் சேலையின் நீளவாக்கு மேலிருந்து கீழாகத் தொங்கும். கரைக்கு நேராக நிற்க வைத்த யானை அப்போது பக்கவாட்டில் படுத்துவிடும். ஆகவே, உருவத்தின் கால்கள் முந்தானையின் முனையை நோக்கியும் தலை சேலையின் உடலை நோக்கியும் இருக்குமாறு வரைய வேண்டும். வரையும் முன் ஒரு பழைய சேலையை உடுத்தி, தெரியும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துப் பார்ப்பது நல்லது.

இதை வைத்துக் கதையைப் பிரித்துக்கொள்ளலாம். முக்கியக் காட்சி முந்தானைக்கு. அந்தக் கதையில் வரும் இலை, பறவை, நட்சத்திரம் போன்ற சிறு உருவங்கள் உடலில் இடைவெளி விட்டு வர வேண்டும். யானைகள் ஒன்றன் பின் ஒன்றாக நடப்பது, குருவிகள் பறப்பது போன்ற தொடர் அசைவுக்குக் கரை ஏற்றது.

சட்டைக்கு வேறு கணக்கு. முன்பக்கம் பொத்தான் பட்டை படத்தை இரண்டாக வெட்டும். எனவே, பெரிய உருவத்தை முதுகில் வைத்துவிட்டு, முன்பக்கத்தில் அதன் வாலோ தும்பிக்கையோ எட்டிப் பார்ப்பது போல் வைக்கலாம். பாஜு கூரோங்கில் கழுத்துப் பிளவுக்குக் கீழே முன்பக்கம் ஒரே துண்டாக இருப்பதால் முழுப் படமும் அமரும். ஆனால், பக்கவாட்டுத் துண்டுகள் தனியே வெட்டி இணைக்கப்படுவதால் படம் நடுத்துண்டுக்குள் அடங்க வேண்டும். சாரோங்கில் ‘கெப்பாலா’ எனப்படும் தலைப்பகுதி நம் முந்தானையின் வேலையைச் செய்கிறது.

அளவும் முக்கியம். புத்தகத்தில் இருபது கோடுகளில் வரைந்த சிறகைத் துணியில் ஐந்து கோடுகளில் சொல்ல வேண்டும். கோடு தடிக்க வேண்டும், வண்ணங்கள் குறைய வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மனத்தில் முதலில் நிற்பது எது, நிறமா, உருவமா, கோட்டின் ஓட்டமா என்று கேட்டு, அதை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்ல வடிவமைப்பு.

எந்தப் படத்துக்கு எந்தக் கைவேலை?

படத்தின் தன்மையே முறையைத் தேர்ந்துகொடுக்கும். எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட ‘தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்’ நூலின் படங்கள், வண்ணம் தீட்டிய மெல்லிய தாளை வெட்டி ஒட்டிச் செய்தவை. அத்தகைய படப்பாணிக்கு வண்ணத் துண்டுத் துணிகளை வெட்டி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலை பொருந்தும். தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளே அதற்குப் போதும்.

ஒரே கோட்டில் ஓடும் படங்களுக்கு ஆரி வேலைப்பாடு உகந்தது. ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் உள்ளனர். ஆரி ஊசி போடுவது சங்கிலித் தையல். அது வளைந்து நெளிந்து பேனாக் கோடு போலவே ஓடும். ஆனால், குழந்தை உடையில் மணியும் ஜமிக்கியும் வேண்டாம். அவை கழன்று வாய்க்குள் போனால் ஆபத்து. உட்புறத் தையல் முனைகளும் குழந்தையின் தோலை உரசும். மென்மையான துணியால் உள்ளே மூடித் தைப்பது அவசியம்.

நீர்வண்ணம் கசிந்து கலந்த படங்களுக்கும், கோடு போட்டு உள்ளே வண்ணம் நிரப்பிய படங்களுக்கும் மலேசியக் கைவரை பாத்திக் மிகவும் ஏற்றது. வரைந்ததை அப்படியே நகலாக்குவது டிஜிட்டல் அச்சு. அது விரைவானது. ஆனால், கீழே சொல்லப்படும் உரிமைச் சிக்கல் அங்கேதான் கூடுதல். மூலப்படம் தெளிவாக இல்லாவிட்டால் பெரிதாக்கும்போது படம் மங்கிவிடும்.

மெழுகு வேலி போடும் பாத்திக்

கைவரை பாத்திக்கின் அடிப்படை எளியது. மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. முதலில் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பென்சிலால் படத்தை மெல்ல வரைவார்கள். தேன்மெழுகு, பாரஃபின், குங்கிலியம் ஆகியவற்றைக் கலந்து உருக்கி, ‘சந்திங்’ எனப்படும் கருவியில் முகந்து கோட்டின் மேல் ஓட்டுவார்கள். கைப்பிடியும் சிறு செம்புக் கிண்ணமும் மெல்லிய மூக்கும் கொண்டது சந்திங்.

மெழுகுக் கோடு வயலுக்கு வரப்பு போன்றது. வரப்பு உடைந்தால் நீர் பாய்வது போல, கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் சாயம் அடுத்த கட்டத்துக்குள் ஓடிவிடும். எனவே, படத்தை வரையும்போதே எல்லாக் கோடுகளும் மூடியிருக்க வேண்டும். யானையின் காது உடம்போடு சேரும் இடம், இலை காம்போடு சேரும் இடம் ஆகியவற்றைத் தனியே கவனிக்க வேண்டும். மெழுகின் சூடும் சரியாக இருக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே நின்று, பின்பக்கம் இறங்காது. அந்த வழியில் சாயம் கசியும். சூடு மிகுந்தால் கோடு பரந்துவிடும்.

பிறகு தூரிகையால் சாயம் தீட்டுவார்கள். ஒரு பகுதியை முதலில் நீரால் நனைத்துவிட்டு ஓரத்தில் சாயத்தைத் தொட்டால், அது மெல்லப் பரவி அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறமாகும். கதைப்புத்தக நீர்வண்ண வானத்தின் அழகு துணியிலும் வருவது இப்படித்தான். காய்ந்த பின் சோடியம் சிலிகேட் பூசி, சாயம் பிடிக்கும்வரை பல மணி நேரம் விட்டு, அலசி, கொதிநீரில் போட்டு மெழுகை நீக்குவார்கள். வீட்டில் செய்பவர்கள் கையுறை அணிய வேண்டும். மெழுகை நேரடித் தீயில் கவனிப்பாரின்றி விடக்கூடாது. சாயத்துக்கும் மெழுகுக்கும் பயன்படுத்தும் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

மெழுகு நீங்கிய இடத்தில் துணியின் பழைய நிறமே தெரியும். வெள்ளைத் துணியில் வரைந்தால் கோடுகள் வெள்ளையாக வரும். புத்தகத்தில் கருப்புக் கோட்டில் இருந்த யானை, பாத்திக்கில் வெள்ளைக் கோட்டு யானையாகிவிடும். மஞ்சள் கோடு வேண்டுமென்றால் துணியை முன்னமே மஞ்சளில் சாயமிட்டு, அதன் பிறகு மெழுகு போட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘புத்தகத்தில் இருப்பது போலவே’ செய்து தருவதாக வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தால் பிறகு மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

துணித் தேர்வும் அப்படியே. இந்தச் சாயங்கள் பருத்தி, ரேயான், பட்டு ஆகியவற்றில் பிடிக்கும், பாலியெஸ்டரில் நிற்காது. கடையில் பட்டுப்போல மின்னும் மலிவான துணியை வாங்கும்முன் ஓர் இழையைப் பிரித்துக் கவனமாக எரித்துப் பார்க்கலாம். பருத்தி, தாள் எரிவது போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கதை பொது, படம் பொதுவன்று

உரிமைச் சிக்கலுக்கு வருவோம். பஞ்சதந்திரமும் தெனாலிராமனும் சாங் கஞ்சிலும் யாருக்கும் தனிச்சொத்தல்ல. அந்தக் கதைகளை யார் வேண்டுமானாலும் வரையலாம், தைக்கலாம். ஆனால், ஒரு நூலில் ஓர் ஓவியர் வரைந்த சிங்கமும் முயலும் அவருடைய படைப்பு. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கிறது. எண்ணத்துக்கு உரிமை கிடையாது. வரைந்த வடிவத்துக்கு உண்டு. “யானை மீது பூக்கோலம்” என்பது எண்ணம். ஒருவர் வரைந்த குறிப்பிட்ட யானையைப் படியெடுத்துச் சேலையில் பதித்து விற்பது உரிமை மீறல். நிறத்தை மாற்றினேன், திசையைத் திருப்பினேன் என்பது தப்பிக்கும் வழியாகாது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது என்பதும் அனுமதி ஆகாது.

இதன் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஆங்கிலேய எழுத்தாளரும் ஓவியருமான பியாட்ரிக்ஸ் பாட்டர். அவருடைய ‘பீட்டர் ராபிட்’ 1902-இல் வெளிவந்தது. மறு ஆண்டே அந்த முயலைத் தம் கையாலேயே துணி பொம்மையாகத் தைத்து, அதன் வடிவத்தைப் பிரிட்டனில் பதிவு செய்தார். அமெரிக்காவிலோ பதிப்பாளர் நூலுக்குப் பதிப்புரிமை பெறத் தவறியதால், பிறர் அதை அச்சிட்டு விற்றபோது அவருக்குப் பணம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரே முயல், ஓரிடத்தில் வருமானமும் மற்றோரிடத்தில் இழப்பும் தந்தது.

நம் சமூகத்துக்கு இது தொலைவான செய்தியன்று. தமிழ்ச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவர்கள் குறைவு. அவர்களுக்குக் கிடைக்கும் ஊதியமும் பெரிதன்று. அவர்களுடைய படத்தைக் கேட்காமல் எடுத்து நூறு சட்டைகள் விற்றால், அடுத்த நூலை வரையும் ஆர்வத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். மாறாக, பதிப்பகம் வழியாக ஓவியரைத் தொடர்புகொண்டு, எத்தனை உடைகள், எவ்வளவு காலம், எவ்வளவு தொகை, ஓவியரின் பெயர் எங்கே இடம்பெறும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், உடைக்கும் மதிப்பு கூடும். “இன்ன நூலின் ஓவியர் அனுமதியுடன்” என்ற சீட்டே நல்ல விளம்பரம்.

சொந்தமாக வரைபவர்களுக்கும் ஒரு சொல். வரைந்த அன்றே பதிப்புரிமை தானாக வந்துவிடுகிறது. இருப்பினும், பிற்காலத் தகராறுக்குச் சான்றாக, மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓ-விடம் விருப்பத்தின் பேரில் அறிவித்துப் பதியும் முறை 2012 முதல் நடப்பில் உள்ளது. நாளிட்ட வரைவுத் தாள்களையும் படங்களையும் பத்திரப்படுத்துவதும் உதவும். தமிழ்ப்பள்ளி மாணவர்களின் ஓவியங்களைத் துணியில் பதித்து நிதி திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தின் சொந்தக்காரர் அந்தக் குழந்தை. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் குழந்தையின் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

பால்மரம் சேலையில் ஏறட்டும்

அனுமதி கேட்கத் தேவையில்லாத பெரும் களஞ்சியம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. இங்குள்ள தமிழர் பலரின் குடும்ப வரலாறு ஏதேனும் ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. பால்மரத்தின் மூவிலைக் கொத்து, பட்டையில் சரிந்து இறங்கும் வெட்டுக்கோடு, அதன் கீழே கட்டிய மங்கு, வெட்டுக்கத்தி, காண்டாக் கம்பில் தொங்கும் வாளிகள், விடியலில் தலைவிளக்கோடு நடக்கும் பெண்கள், லயத்து வரிசை, வேப்பமரத்தடிக் கோயில் ஆகியவை சிறுவர் நூல்களில் இன்னும் போதிய அளவு வரையப்படவில்லை. துணியில் அதனினும் குறைவு.

வெட்டுக்கோட்டைக் கவனித்தால் அது ஏற்கெனவே ஒரு கரை வடிவம் என்பது தெரியும். ஒரே சாய்வில் அடுத்தடுத்து வரும் கோடுகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மங்கு. உடலெங்கும் மூவிலைக் கொத்து. முந்தானையில் பாட்டி பேத்திக்குக் கதை சொல்லும் காட்சி. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேட்டு எழுதி, பிள்ளைகளை வரையச் சொல்லி, அதிலிருந்து ஒரு சிறு நூலும் ஒரு துணியும் செய்யலாம். உரிமையும் குடும்பத்துக்கே சொந்தம்.

தொடங்க விரும்புவோர் முதலில் நேரில் பார்ப்பது நல்லது. டத்தாரான் மெர்டேக்காவுக்கு அருகில், 1896-இல் கட்டப்பட்ட கட்டடத்தில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் 2010 முதல் இயங்குகிறது. பாத்திக், சொங்கெட், பூத்தையல் எனப் பல வகைத் துணிகளை அங்கே அருகில் நின்று காணலாம். ஜாலான் கொன்லேயில் உள்ள கோலாலம்பூர் கிராஃப் வளாகத்தில் கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினால் ஜவுளி அருங்காட்சியகம் தொலைவில் இல்லை.

முதல் முயற்சிக்கு ஐந்தரை மீட்டர் சேலை வேண்டாம். கைக்குட்டை அளவு பருத்தித் துணி, ஓர் உருவம், இரண்டு வண்ணம் போதும். அதைத் துவைத்து, சாயம் நிற்கிறதா என்று பார்த்து, தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்த பிறகு அடுத்த மீட்டருக்குப் போகலாம்.